கால்மாட்டு அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு

என் கணவர் மெலிந்தவர். கையும் காலும் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். நான் அப்படியில்லை. திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால், அந்த வீட்டில் சோறு மனுசிக்கும் கஞ்சி புருசனுக்கும் போல என்று சனம் பகிடி பண்ணும். அவருக்கு நெஞ்சு நோ வந்து முதன்முதலாகக் கிளினிக்குக்குப் போன அன்று, அங்கே நின்ற வேலையாள் ஒரு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, நோயாளி இருக்கட்டும் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் நெஞ்சைப் பிடித்தபடியே சிரித்தார்.

அவருடைய உடம்பில் சதை பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான், வயிறு. சேட்டைக் காற்சட்டைக்கு வெளியே விட்டால் அதுவும் தெரியாது. நாற்பது வயதுக்குப் பிறகு எந்த ஆம்பிளைக்குத்தான் வண்டி வயிறு இல்லை என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவர் துறைமுகத்துக்குள் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார். சண்டைக் காலம். ஒவ்வொரு நாள் காலையும் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நேவிக்காரன் இடுப்பைச் சுற்றித் தடவி, பெல்ட்டைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவான். வருடக்கணக்காக அப்படி நின்று பழகியவர். வீட்டில் நான் சும்மா இடுப்பில் கை வைத்தாலும் அவருடைய இரண்டு கையும் தானாக மேலே போய்விடும்.

நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். என் மேசைக்கு வரும் கோப்புகளில் சிலவற்றின் மூலையில் சிவப்பு ஒட்டு இருக்கும். சிவப்பு என்றால் விசாரணை. அந்தக் கோப்புக்குரிய ஆள் அதற்குப் பிறகு நிம்மதியாகச் சோறு தின்றதை நான் கண்டதில்லை.

இப்படி இரண்டு இடத்தில் வேலை பார்த்ததில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சட்டம் வந்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் குறைந்த சொல்லில். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே பதில். எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டிலும் இருந்த சட்டம்தான் இது. நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதான்.

கொழும்பில் அஞ்சியோகிராம் செய்து பார்த்தபோது மூன்று இடத்தில் அடைப்பு இருந்தது. பைபாஸ் செய்ய வேண்டும், பிந்தக்கூடாது என்று நாளும் குறித்துத் தந்தார்கள். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவருக்கு இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஊர் டொக்டர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரை இதே மாதிரி நாள் குறித்துக் கூப்பிட்டு, சீனி கூடியிருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் குறைத்து முடிப்பதற்குள் சண்டை வந்து பாதையைப் பூட்டினார்கள். பாதை திறந்தபோது அவர் இல்லை. அவருடைய வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போவேன். ஆகவே சீனியை ஒளிப்பது என்று முடிவெடுத்தோம்.

சீனியை ஒளிக்க எங்கள் சனத்திடம் ஒரு கைமுறை உண்டு. இரத்தம் குத்துவதற்கு மூன்று நாள் முன்னதாகப் பாவற்காய்ச் சாறும் குரக்கன் பிட்டும் தொடங்கும். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. மற்ற நாளெல்லாம் தொதல் இனிப்பும் வாழைப்பழமும் தடையில்லாமல் போகும். அந்த மூன்று நாள் ஒழுக்கத்தில் இரத்தம் நல்ல பிள்ளையாக வந்துவிடும், டொக்டரும் மெச்சுவார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணி குடித்து அதைக் கொண்டாடுவோம். இதைக் களவு என்று யாரும் நினைத்ததில்லை. சமர்த்து என்றே நினைத்தோம்.

பஸ்ஸில் போகும்போது பதில்களைப் பாடமாக்கினோம். சீனி இருக்கிறதா, இல்லை. குடி, இல்லை. தகப்பனுக்கு இருதய வருத்தம், இல்லை. கடைசியது மட்டும் உண்மை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் ஒன்றும் இல்லாத நாட்களிலேயே எங்களுக்கு ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பயம்தான். இந்தமுறை கனமும் இருந்தது. இறங்கி, நடந்து, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறிக் கொழும்புக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்த கையோடு, தமிழர் எவரும் செய்ய வேண்டியபடி, பொலிசில் பதிந்தோம். ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று கேட்டவருக்கு ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன். அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நெஞ்சு வருத்தக்காரன் மாதிரி இல்லையே என்றார். அவர் பார்வை என்மேல் திரும்பும் முன்னே நான் பையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாட்டில் சேர்த்த அடுத்த நாள் ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். சிங்களப் பிள்ளை. கையில் ஒரு படிவமும் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் இருந்தன. தமிழில் பேசினார். எனக்கு முதல் சந்தேகமே அங்கேதான். எங்கே தமிழ் படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை செய்தேன் என்றார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். அன்புவழிபுரம் என்றதும், ஓ, தெரியும் என்று தலையாட்டினார். முகமூடி போட்டவர்களைத் தலையாட்ட வைத்து, காட்டிக்கொடுத்த ஆட்களைப் பிடித்த ஊரில் இருந்து வந்தவளுக்கு அந்தத் தலையாட்டல் நல்லதாகப் படவில்லை.

பிறகு இடுப்பை அளக்க வேண்டும் என்றார். இவர் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கினார். அந்தப் பிள்ளை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல, கையைக் கீழே விடுங்கோ ஐயா என்றது. இவர் கையை விட்டார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மூச்சை விடச் சொல்லித் திரும்ப அளந்தது. இடுப்புக்குக் கீழேயும் அளந்தது. பிறகு கழுத்தை அளந்தது. இருதயத்தில் வருத்தம் உள்ளவனுக்குக் கழுத்தை எதற்கு அளக்கிறார்கள்? தூக்குக் கயிறுக்கா என்று எனக்கு வாய் வரை வந்தது. நித்திரையில் குறட்டை விடுவாரா என்று கேட்டபோது, இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவரும் இல்லை என்றார். அவருடைய குறட்டைக்கு எங்கள் வீட்டுச் சுவரே அதிரும்.

சீனி இருக்கிறதா என்று கேட்டது. இரண்டு பேரும் இல்லை என்றோம். அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டது.

எதற்கு இவ்வளவு அளவு என்று நான் கேட்டேன். சட்டத்தை மீறி நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அந்தப் பிள்ளை கட்டில் ஓரத்தில் நின்றபடி விளக்கியது. ஒப்பரேசன் நன்றாக முடிந்தாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் சில பேருக்கு இருதயம் தாளம் தவறி அடிக்குமாம். அப்படி அடித்தால் உள்ளே இரத்தம் கட்டியாகித் தலைக்குப் போகவும் கூடுமாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். வயிற்றுக் கொழுப்பு, கழுத்துச் சுற்றளவு, இரத்தத்தில் உள்ள கொழுப்பு, சீனி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று பார்க்கிறதாம்.

நான் கணவரின் கையைக் காட்டி, இந்த உடம்பில் எங்கே கொழுப்பு என்று கேட்டேன்.

"மெலிஞ்ச ஆளுக்கும் இருக்கும் அம்மா. கையில காலில இருக்காது. வயித்துக்கு உள்ளே, ஈரலைச் சுத்தி, இருதயத்தைச் சுத்தி ஒளிச்சு இருக்கும்."

ஒளிச்சு இருக்கும் என்ற சொல்லோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒளித்திருப்பவர்களை யார் யார் தேடினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்ன எதுவும் எனக்குள் போகவில்லை.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. நாங்கள் கடையில் வாங்கும் ஸ்டிக்கர் பொட்டு மாதிரிச் சின்ன வட்டம். காலையில் அது இல்லை. தண்ணீர் எடுக்கப் போகிற சாட்டில் வாட்டை ஒரு சுற்று வந்தேன். பதினெட்டுக் கட்டில். மூன்றில் மட்டும் பொட்டு. ஒன்று இவருடையது. இரண்டாவது கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு வியாபாரி. மூன்றாவது ஆள் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார் என்று நானே தீர்மானித்தேன். பெயரைப் படிக்கவில்லை.

ஓர்ஸ் ஹில் மேசையில் இருந்து நான் பார்த்துப் பழகிய சிவப்பு அது. தமிழ் தெரிந்த டொக்டர், வீடு எது என்ற கேள்வி, தலையாட்டல், இடுப்பு, கழுத்து, இப்போது இது. ஒப்பரேசன் முடிந்து மயக்கத்தில் கிடக்கிற ஆளை யார் வந்து என்ன கேட்டாலும் என்ன செய்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் உண்மையான பேயையும் கண்டவர்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் பழத்தட்டை நகர்த்துவது போலக் குனிந்து, நகத்தால் அந்தப் பொட்டை உரித்தேன். குப்பையில் போட்டால் கண்டுவிடுவார்கள். கைப்பையின் உள் மடிப்பில் ஒட்டி, சிப்பைப் பூட்டினேன். ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு லொட்ஜுக்குத் திரும்பினேன்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. தீவிர சிகிச்சையில் இருந்து வாட்டுக்கு மாற்றியபோது, தாதிமாரின் மேசைக்கு முன்னால் இருதயத் துடிப்பைக் காட்டும் மெசின் பூட்டிய கட்டில்களில் இரண்டு பேரைப் போட்டார்கள். கிண்ணியா வியாபாரியையும் அந்த மூன்றாவது ஆளையும். இவருக்குக் கிடைத்தது கடைசி ஜன்னலோரக் கட்டில். காற்று வரும், மெசின் இல்லை, ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாயா, பொட்டு உள்ளவர்களைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காவல் காக்கிறார்கள் என்று நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். எங்களை விட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சூப்புப் போத்தலோடு போனேன். அவருடைய முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை நின்றது. கண் மட்டும் என்னைத் தொடர்ந்து வந்தது. நோகுதா என்று கேட்டேன், இல்லை என்று தலையசைத்தார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். என் விரல் மணிக்கட்டில் பட்டது. நான்கைந்து துடிப்பு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு, திரும்ப ஓட்டம். அதில் ஒரு ஒழுங்கும் இல்லை.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"விடியத் தொடக்கம்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

போத்தலை நிலத்தில் வைத்தேனா போட்டேனா தெரியாது. தாதிமாரின் மேசைக்கு ஓடினேன். தெரிந்த கொஞ்சச் சிங்களமும் வாயில் இருந்து மறைந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்து அடித்து அடித்துக் காட்டினேன். அதற்குள் அந்த இளம் டொக்டர் படியேறி வந்தது. வீட்டில் ஒரு அவசரம் என்று இரண்டு நாள் லீவில் போய் அன்றுதான் திரும்பியிருந்தது. ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்து, ஈசிஜி எடுத்து, ஊசி ஏற்றி, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் மெசினில் பூட்டினார்கள். திரையில் கோடு கிறுக்கல் கிறுக்கலாக ஓடியது.

பிறகு அது கால்மாட்டு அட்டையைத் தூக்கிப் பார்த்தது. வெறும் மூலை. வாட்டுத் தாதியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டது. அந்தத் தாதி அட்டையைத் தொட்டுக் காட்டி, இங்கே ஒன்றும் இருக்கவில்லையே என்பது போலக் கையை விரித்தாள். குரல் உயர்ந்தது. தாதிக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அந்தப் பழி அவளுடைய தலையோடு போயிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு கைப்பையைத் திறந்து உள் மடிப்பைக் காட்டினேன்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். டொக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மர வாங்கில் இருத்தியது. திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மூண்டு மாசத்துச் சீனி இரத்தத்தில எழுதி இருக்கும் அம்மா. அதுக்கு வேற ஒரு டெஸ்ட் இருக்கு. மூண்டு நாள் பாவற்காய் குடிச்சா மாறாது. திருகோணமலையில நான் நிறையப் பேரிட்ட இதைப் பாத்தேன்."

மிச்சத்தை அது சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய டொக்டர் அந்தச் சீனியைக் கண்டதும் திருப்பி அனுப்பச் சொன்னாராம். பாதை பூட்டினால் இந்த ஆள் திரும்பி வரமாட்டார், இப்போதே செய்யுங்கள் என்று இந்தப் பிள்ளைதான் மன்றாடியிருக்கிறது. அப்படியென்றால் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பொறுப்பு உன்னுடையது என்று அவர் சொல்லியிருக்கிறார். இடுப்பும் கழுத்தும் இரத்தமும் சொன்னபடி இவருடைய இருதயம் தாளம் தவறக்கூடிய இருதயம். அப்படிப்பட்டவர்களை மெசின் கட்டிலில் போட வேண்டும் என்பதற்குத்தான் பொட்டு. மூன்றாவது ஆள் யார் என்று கேட்டேன். ஓய்வு பெற்ற ஒரு சிங்கள ஆமிக்காரராம்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டை எடுப்பது எப்போது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதை என் நகத்தாலேயே எடுத்திருந்தேன். அந்த வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளை எழும்பிப் போகவில்லை. போகும்போது, இவருக்கு இப்ப சொல்ல வேணாம் அம்மா, பயந்தா திரும்ப வரும் என்று மட்டும் சொன்னது.

அடுத்த நாள் காலையில் திரையில் கோடு ஒழுங்குக்கு வந்தது. பத்து நாளில் ஊருக்குத் திரும்பினோம். இப்போது சொல்ல வேண்டாம் என்பதில் உள்ள அந்த இப்போது என்பதை நான் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டேன். இன்று சொல்வேன், நாளைக்குச் சொல்வேன். பிறகு சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் இவர் சொல்லத் தொடங்கிவிட்டார். நெஞ்சைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முன்கதிரையில் இருந்து சேட்டைத் திறந்து தழும்பைக் காட்டி, கொழும்புக் கதையைச் சொல்வார். வெட்டினது நல்லா வெட்டினவை, பிறகுதான் தங்கட குணத்தைக் காட்டினவை என்று தொடங்கும். மற்ற ஆட்களை மெசின் கட்டிலில் போட்டார்கள், தமிழன் என்றபடியால் தன்னைக் கடைசி மூலையில் போட்டார்கள், மனுசி கண்டிராவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். சனம் ஓம் ஓம் என்று தலையாட்டும். எங்களுக்கும் இப்படித்தான் என்று ஆளுக்கொரு கதை எடுத்து விடும். அவற்றில் பல உண்மையாகவும் இருக்கும். அதனால் என் வீட்டுப் பொய்யும் அவற்றோடு சேர்ந்து உண்மையாகிக்கொண்டு வந்தது. என்னைக் காப்பாற்றிய மனுசி என்று அவர் சொல்லும்போது நான் குசினிக்குள் போய் கோப்பை கழுவுவேன்.

அடுத்த வருடம் ஒரு காலைப்பொழுது கிளிவெட்டியில் இருந்து ஒருவர் வந்தார். வயல்காரர். மூதூர் லோஞ்சுப் படகில் வந்து, துறையில் இறங்கி, விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். கையில் அஞ்சியோகிராம் படம் போட்ட பெரிய உறை. ஆள் மெலிவு. கையும் காலும் முருங்கைக்காய். சேட்டுக்குள்ளே வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நின்றது. என்னால் அந்த வயிற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவருக்கும் கொழும்பில் நாள் குறித்திருந்தார்கள், அதே ஆஸ்பத்திரி. போகலாமோ, நம்பிப் படுக்கலாமோ என்று அனுபவப்பட்ட ஒருவரிடம் கேட்டுப்போக வந்திருக்கிறார். இவர் சேட்டைத் திறந்தார். கதை தொடங்கியது. நான் பிளேன்டீயோடு வாசலில் நின்றேன். கடைசி மூலைக் கட்டில் வரைக்கும் வந்தபோது அந்த மனிதர் உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் போகேல்லை. சாகிறதெண்டா ஊரிலேயே சாகலாம்."

இவர் மறுக்கவில்லை. உங்கட இஷ்டம் என்றார். வந்தவர் தேத்தண்ணிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தேன்.

"அந்தக் கட்டிலில இவரைப் போட வைச்சது நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாவற்காய், குறட்டை, நாடா, பொட்டு, கைப்பை, தாதியின் கண்ணீர், மன்றாடிய பிள்ளை, ஆமிக்காரர். இவருடைய முகத்தைப் பார்க்காமல் வந்தவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் இடையில் ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். மூன்று நாள் பாவற்காய் உண்மையாகவே உதவாதோ என்று கேட்டார். உதவாது என்றேன். அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

என் கணவர் வலக்கையின் இரண்டு விரலை இடது மணிக்கட்டில் வைத்தபடி இருந்தார். கொழும்பில் இருந்து வந்த நாள் தொடக்கம் அவருக்கு அந்தப் பழக்கம். கன நேரம் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சேட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"போங்கோ," என்றார் வந்தவரிடம். "போய் எல்லாத்தையும் சொல்லுங்கோ. கேக்காததையும் சொல்லுங்கோ."

அவர் கொழும்புக்குப் போனார். ஒப்பரேசன் முடிந்து, நெல் அறுவடைக்கு முதல் ஊருக்குத் திரும்பி வந்தார் என்று லோஞ்சுக்காரர் ஒருவர் மூலம் அறிந்தேன். என் கணவர் என்னைத் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. சோறு இன்னும் போடவோ, காணுமோ என்றால் காணும் என்பார். குளிசை போட்டாச்சோ என்றால் ஓம் என்பார். மாதக்கணக்காக என்னோடு அப்படித்தான் கதைத்தார், கேட்டதற்கு மட்டும்.